புதுப்பிப்பு: கருப்பனுக்கு ஈரல் கோளாறு இல்லை, ரத்தம்தான் அழியுது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்க சிப்பிப்பாறை நாய் கருப்பனுக்கு ஈறெல்லாம் மஞ்சள், மூத்திரம் கட்டங்காப்பி நிறம், ரெண்டு நாளாச் சோறு தொடலை. பலரும் காமாலைன்னு சொல்லி கீழாநெல்லி கொடுக்கச் சொன்னீங்க. முதல்ல காட்டின இடத்திலயும் ஈரலுக்குத்தான் மருந்து குடுத்தாங்க.

அப்புறம் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். குழாயில ரத்தத்தைச் சுத்தவிட்டதும் மேலே தெளிஞ்ச நீரே சிவப்பா நின்னுது. சிவப்பணு அளவு 14 சதவீதம். 37க்குக் கீழே போனாலே சோகை. வேட்டைநாய் இனத்துக்கு இயல்பாவே இன்னும் கூடுதலா இருக்கணும். கண்ணாடித் தகட்டில ஒரு சொட்டு ரத்தம், அதுமேல உப்புநீர் விட்டு மெல்ல ஆட்டிக் காட்டினாங்க. கலையாம மணல்மணலாத் திரண்டு நின்னுது. தன் சிவப்பணுவை உடம்பே அழிக்குதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எனக்குக் கை நடுங்கிட்டு.

அந்த அழிவை அடக்குற ஸ்டீராய்டை உடனே போடலை. உண்ணி கடிச்சு வர்ற பபீசியாங்கிற ரத்த ஒட்டுண்ணி இருக்கான்னு காதுநுனி ரத்தத்தில பார்த்தாங்க, இருந்தது. காரணத்தைத் தேடினதுதான் அவனைக் காப்பாத்திச்சுன்னு நான் நம்புறேன். மேலப்பாளையத்து அண்ணாச்சி தன்னோட ராஜபாளையம் நாயைக் கூட்டிட்டு வந்து ரத்தம் குடுக்க வச்சார். அந்த நன்றி தீராது.

இன்னைக்குக் காலையில வாசல் வரை நடந்து வந்து தயிர்ச்சோறு நக்கினான். வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கணும்.