கணவர் இருக்க வேண்டிய இடத்தில் சிலை: ஆங்க்ரின் பென்சில் படத்தில் பதற்றம் தெரிகிறதா?

கரித்துண்டு:
1815இல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் பென்சிலால் வரைந்த, நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட் குடும்பத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். (மூலப்படம் ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) நடுவில் மனைவி அலெக்ஸாந்திரீன், சுற்றிலும் பிள்ளைகள். குடும்பத் தலைவரைக் காணோம். அவருக்குப் பதில் மார்பளவுச் சிலை. இன்னொரு சிலை அவருடைய தாய் லெத்தீஸியா. இது வெறும் குடும்பப் படம் அல்ல, அந்தஸ்துக்கான வழக்கு என்பது என் கட்சி.

நேர்கோடு:
வழக்கா? நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பிய அண்ணன் நெப்போலியனோடு சேர லூசியன் பாரிஸுக்குப் போயிருந்தார். ஊரில் இல்லாதவருக்குச் சிலை, அவ்வளவுதான். ஒருவருடைய புருவமாவது நெரிந்திருக்கிறதா? வரலாற்றைப் படித்துவிட்டு வந்து அதைப் படத்துக்குள் திணிக்கிறீர்கள்.

கரித்துண்டு:
காசு கொடுத்து வரையச் சொன்னவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டா உட்காருவார்கள்? யாரை எங்கே அமர்த்தியிருக்கிறார் என்று பாருங்கள். 1799இல் அண்ணன் ஆட்சியைப் பிடித்தபோது பிரெஞ்சுச் சட்டமன்றத்தின் கீழவையான ஐந்நூற்றுவர் அவையின் தலைவராக இருந்து கைகொடுத்தவர் இந்த லூசியன். 1803இல் அவர் அலெக்ஸாந்திரீனை மணந்ததை அண்ணன் ஏற்க மறுத்தார். மனைவியைக் கைவிட மறுத்துத் தம்பி ரோமுக்குப் போய்விட்டார். அப்படி ஒதுக்கப்பட்ட மருமகளைத்தான் ஆங்க்ர் அரசிபோல நட்டநடுவில் உட்கார வைக்கிறார். மூத்தாள் பிள்ளைகள், இவர் முதல் கணவருக்குப் பெற்ற மகள், இருவருக்கும் பிறந்தவர்கள் என எல்லோரும் ஒரே தாளில். கூடவே மாமியாரின் சிலை. இதெல்லாம் தற்செயலா?

பழுப்புத்தாள்:
மாமியாரைப் பற்றி ஒன்று. 1804இல் நடந்த நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்கு லெத்தீஸியா போகவே இல்லை. லூசியன் பக்கம் நின்று இத்தாலியிலேயே தங்கிவிட்டார். அந்த விழாவை ஓவியர் தவீத் வரைந்த பெரிய ஓவியத்திலோ மாடத்தில் ஜம்மென்று வீற்றிருக்கிறார்! வராத தாய் நெப்போலியனுக்கும் வேண்டியிருந்தது.

நேர்கோடு:
சுவையான செய்தி, ஆனால் அதுவும் தாளுக்கு வெளியே இருப்பது. பெயர்களை மறைத்துவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். வசதியான வீட்டு அம்மா, பிள்ளைகள், இரண்டு சிலைகள் என்பார். கடினமான பென்சில், முகத்தில் நுண்ணிய நிழல், உடையில் விறுவிறுவென்று ஓடும் கோடுகள்: ரோமுக்கு வந்த ஆங்கிலேயப் பயணிகளையும் ஆங்க்ர் இப்படித்தான் வரைந்தார். எல்லோருக்கும் ஒரே மரியாதை என்றால் அந்தஸ்து எங்கே தெரிகிறது?

கரித்துண்டு:
ஒரே மரியாதையைத் தந்தே ஆகவேண்டிய நிலை அவருக்கு. நெப்போலியன் ஆட்சி சரிந்ததும் வேலை கொடுத்துவந்த பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். இந்தப் படங்கள்தான் சோறு போட்டன. சின்னப் படங்கள் வரைபவரின் வீடு இதுதானா என்று கேட்டு வந்த ஒருவரிடம், இங்கே இருப்பவர் ஓவியர் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் என்று ஒரு கதை உண்டு.

நேர்கோடு:
அது ஆங்க்ரின் மனத்தாங்கல். அதைக் கோட்டில் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பழுப்புத்தாள்:
கோட்டை விடுங்கள், பின்னணியைப் பாருங்கள். அந்தப் பயணிகளில் பலருக்குப் பின்னால் ரோமின் கட்டடங்களை மெலிதாக வரைந்தார், ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்துக்கு அது போதவில்லை. போனபார்ட் குலமே சாட்சிக்கு வரவேண்டியிருந்தது.

நேர்கோடு:
வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் கட்டடம் எப்படி வரும் ஐயா? சரி, அந்தப் பயணிகளின் படங்களில் இரண்டு மூன்றை இங்கே இடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மிச்சத்தைப் பேசுவோம்.