சி லாங்குவேஜ்ல ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஃப்ரீ பண்ணா, அதாவது அதோட மெமரியைத் திருப்பிக் குடுத்தா கிராஷ் ஆகுது, அவசரம்!!

அரைக்கோடு:
ஹலோ, ஃபைல்ல இருந்து தமிழ் வார்த்தைகளை லைன் லைனா படிச்சு ஸ்பேஸ் எல்லாம் ட்ரிம் பண்ணி லிஸ்ட்ல போடுற புரோகிராம், லாஜிக் எல்லாம் கரெக்டு தான், கடைசில ஃப்ரீ பண்ணும்போது கிராஷ். நேத்து வரைக்கும் ஓடுச்சு, வேற ஃபைல் குடுத்ததும் போச்சு. நாளைக்கு சப்மிட் பண்ணணும் யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

பைட்பாண்டி:
கோடு எங்க? என்ன மெசேஜ் வருது? லினக்ஸா விண்டோஸா?

செமிகோலன்:
தமிழ்னாலே இந்தக் கூத்து தான். "தமிழ்" நமக்கு மூணு எழுத்து, யூனிகோடு கணக்குல அஞ்சு, யுடிஎஃப்-8ல 15 பைட், ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு காட்டுற கடைசி நல் பைட்டுக்கு +1 சேர்த்தா 16. நீங்க எழுத்தை எண்ணி அந்த அளவுக்கு மட்டும் மெமரி கேட்டு மால்லாக் பண்ணியிருப்பீங்க, அது பக்கத்து மெமரியை மிதிச்சிட்டு சத்தமில்லாம இருந்து ஃப்ரீ வரும்போது தான் கத்தும்.

அரைக்கோடு:
இல்லண்ணா, நான் மால்லாக்கே பண்ணல, ஸ்ட்ரிங்கை காப்பி எடுக்குற ஸ்டிர்டூப் தான். உபுண்டு. 'ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்'னு (தப்பான மெமரி அட்ரஸாம்) வருது

பழையமுனி:
ஸ்டிர்டூப் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு நினைச்சீங்க தம்பி? அதுவும் மால்லாக் தான். மேன் பேஜை (மேனுவலை) ஒரு தடவைகூட தொறக்காம கடைசி நாள் வந்து ப்ளீஸ் ப்ளீஸ்னா எப்படி.

காபிக்கோப்பை:
இந்தத் தலைவலியே வேணாம், ஜாவால எழுதுங்க, வேணாத மெமரியை எடுக்குறதை கார்பேஜ் கலெக்டர் பாத்துக்கும்.

பழையமுனி:
நல்லா பாத்துக்கும். ஜாவா 7 அப்டேட் 6க்கு முன்னாடி, பெரிய ஸ்ட்ரிங்ல பத்து எழுத்து சப்ஸ்ட்ரிங் (துண்டு) எடுத்தா அந்தப் பெரிய ஸ்ட்ரிங்கோட மொத்த மெமரியையும் விடாம பிடிச்சுக்கிட்டே கெடக்கும். அதைத் தேடி நான் ரெண்டு ராத்திரி தூங்கல.

காபிக்கோப்பை:
அது எந்தக் காலம்!! இப்பதான் காப்பி எடுக்குதே

செமிகோலன்:
கோ லாங்குவேஜ்ல இன்னிக்கும் அப்படித்தான், வெட்டி எடுத்த துண்டு பழைய ஸ்ட்ரிங்கோட மெமரியையே காட்டும். அதுக்குத்தான் கோ 1.18ல தனி காப்பி எடுக்க ஸ்ட்ரிங்ஸ் க்ளோன் குடுத்தாங்க.

பைட்பாண்டி:
சண்டையை தனியா வச்சுக்கோங்கப்பா. அரைக்கோடு, ஃபைல்ல கிராஷ் ஆகுற வார்த்தைக்கு முன்னாடி ஸ்பேஸ் இருக்கா பாருங்க. ட்ரிம் பண்றேன்னு பாயின்டரை பிளஸ் பிளஸ் போட்டு நகர்த்திட்டு அந்த நகர்ந்த பாயின்டரையே ஃப்ரீக்கு குடுத்தா இந்த மெசேஜ் தான் வரும், மால்லாக் குடுத்த அதே அட்ரஸைத் தான் திருப்பிக் குடுக்கணும். பழைய ஃபைல்ல முன்னாடி ஸ்பேஸ் இருந்திருக்காது, அதான் தப்பிச்சிருக்கு. மெமரி தப்பைக் கண்டுபிடிக்கிற அட்ரஸ் சானிட்டைசர் போட்டு கம்பைல் பண்ணுங்க, கோடுல எந்த லைன்னே சொல்லிடும்.

செமிகோலன்:
இருந்தாலும் நல் பைட்டுக்கான அந்த +1 ஒரு தடவை பாத்துடுங்க

பழையமுனி:
ஸ்டிர்டூப் தானே அதைப் போடுது, படிச்சீங்களா இல்லையா?

அரைக்கோடு:
ஆமா ட்ரிம் தான்!! இப்ப முதல்ல நகர்த்திட்டு அப்புறம் ஸ்டிர்டூப் பண்றேன், ஓடுது. தேங்க்ஸ் பாண்டியண்ணா

பைட்பாண்டி:
கெட்லைன்ல படிக்கிறீங்கன்னா, படிச்ச லைனை வைக்க அது எடுத்த பஃபரையும் கடைசில ஒரு தடவை ஃப்ரீ பண்ணணும், பண்ணீங்களா?

காபிக்கோப்பை:
ஆள் போயாச்சு. முனி சார், பைதான் பத்தி என்ன சொல்றீங்க