புதுப்பிப்பு: சரிவில் மட்டும் நின்றுபோன ரோபோ வண்டி

எங்கள் அணி டிசைன் பாடத்துக்காகச் செய்யும் வண்டி, சரிவில் ஏறும்போது மட்டும் ஆர்டுயினோ (வண்டியைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு) ரீசெட் ஆகி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். கோடிங் கோளாறு என்றார்கள் பலர்; இல்லை. மோட்டார் திணறும்போது கரன்ட்டை மொத்தமாக இழுக்கிறது, பேட்டரி வோல்டேஜ் சரிகிறது, போர்டு அணைந்து எழுகிறது. மல்டிமீட்டரை மாட்டி வண்டியைச் சரிவில் ஏற்றினால் வோல்டேஜ் இறங்குவது கண்ணெதிரே தெரிகிறது. போதாததற்கு மோட்டாருக்குக் கரன்ட்டைக் கொடுக்கும் எல்298என் டிரைவர் சர்க்யூட் தன் பங்குக்கு 2 வோல்ட்டோ அதற்கு மேலோ விழுங்கும். மோட்டாரும் போர்டும் தனித்தனியாக மேஜையில் நன்றாகத்தான் ஓடின! சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில், அவ்வளவு விழுங்காத மாஸ்ஃபெட் வகை டிரைவர் வாங்கி, ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரி கொடுத்தோம். இப்போது ஏறுகிறது.

அப்புறம், மோட்டாரைப் பிடித்துவைக்கும் பிராக்கெட்டை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சிட வேண்டாம் என்றவருக்கு நன்றி. 60 டிகிரி பக்கமே அது இளகிவிடும். மே மாதச் சென்னையில் மூடிய காருக்குள் வைத்தால் அவ்வளவுதான். சூட்டை இன்னும் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டோம். ரிப்போர்ட் எழுதுவது யார் தலையில் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.