கிண்டில் ஈபப் படிக்குமா, படிக்காதா?

அல்சூர்க்காரன்: "கிண்டில் இப்போ ஈபப் படிக்குது, எந்தக் கடையிலும் தைரியமா வாங்கலாம்"னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். நம்பி ஈபப்ங்கற மின்னூல் ஃபைலா மூணு புத்தகம் வாங்கினேன். அமேசானோட மின்னூல் கருவிதானே கிண்டில், அதுல யூஎஸ்பி ஒயரைச் செருகி காப்பி பண்ணிப் போட்டா லைப்ரரியில ஒண்ணுகூடக் காணோம். படிக்காது சார். தெரியாம எழுதாதீங்க.

ஜெயநகர் வாசகன்: எழுதினது நான்தான். 2022லேர்ந்து அமேசானோட சென்ட் டு கிண்டில் சேவை வழியா மெயில்ல ஈபப் அனுப்பலாம். தினமும் மெட்ரோ கிரீன் லைன்ல அப்படித்தான் படிச்சிட்டுப் போறேன். அனுப்பத் தெரியலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அல்சூர்க்காரன்: அனுப்பினா அமேசான் அதைத் தன் ஃபார்மட்டுக்கு மாத்திக் கொடுக்குது. நீங்க படிக்கிறது ஈபப்பே இல்லை. இட்லி மாவுல தோசை வார்த்துட்டு இட்லி சாப்பிட்டேன்னு சொல்வீங்களா? காப்பி பண்ணாம இருக்க கடைக்காரங்க பூட்டுப் போட்ட ஈபப்பா இருந்தா அனுப்பினாலும் ஏத்துக்காது. கிண்டில் ஈபப் படிக்காது.

ஜெயநகர் வாசகன்: என் கையில இருக்கிற கிண்டில் படிக்குது.

மல்லேஸ்வரம் மீனா: பிடிஎஃப் இருக்க இந்த வம்பு எதுக்கு? மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகம் 1998லேர்ந்து சங்க இலக்கியத்தையே இலவசமா கொடுக்குது. நான் பிடிஎஃப்லதான் படிக்கிறேன்.

அல்சூர்க்காரன்: ஆறு இஞ்ச் திரையில பிடிஎஃப் திறந்திருக்கீங்களாம்மா? எழுத்தைப் பெரிசாக்கினா வரி திரைக்கு வெளியே போயிடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால இழுக்கணும். பழைய ஃபான்ட்ல செஞ்ச பிடிஎஃப்ல ஒரு சொல்லைத் தேடினா கிடைக்காது, காப்பி பண்ணி ஒட்டினா கிறுக்கல்தான் வரும். ஈபப் அப்படியில்ல, வெப் பக்கங்களை ஒரே ஜிப் ஃபைலா கட்டினது. பூட்டில்லாத ஒரு ஃபைலோட கடைசியில ஜிப்னு பேர் மாத்தித் திறந்து பாருங்க, அத்தியாயங்கள் தனித்தனி ஃபைலா கிடக்கும். திரைக்கேத்த மாதிரி வரி மடங்கிக்கும்.

மல்லேஸ்வரம் மீனா: நான் பாடம் கேக்கலை. போன மாசம் அச்சுப் புத்தகம் பத்தி எழுதினப்பவும் இப்படித்தான் பாய்ஞ்சீங்க.

ஹெப்பால் குமார்: அல்சூர்லயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு. போய் எடுத்துப் படிங்கப்பா.

அல்சூர்க்காரன்: அங்க நான் எத்தனை வருஷமா போறேன்னு உங்களுக்குத் தெரியுமா? காசு கொடுத்து வாங்கினது என் கைக்கு வரணும், அதான் பேச்சு. இன்னொரு கடையில பணம் கட்டினப்புறம் டவுன்லோட் பட்டனே இல்லை, "ஆப்பில் மட்டும் படிக்கவும்"னு வருது. அமேசான்லயும் புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி ஒயர்ல ஏத்தற வசதியை 2025 பிப்ரவரி 26ஓட எடுத்துட்டாங்க. 2009ல வித்த புத்தகத்தையே வாங்கினவங்க கிண்டில்லேர்ந்து அழிச்சவங்க அவங்க. அதனாலதான் ஈபப் வேணும்னு கத்தறேன். அதையும் கிண்டில் படிக்காது.

ஜெயநகர் வாசகன்: படிக்கும். மறுபடி சொல்றேன், படிக்கும். உங்க மூணு ஃபைலையும் கொடுங்க, மெயில்ல அனுப்பித் திறந்து காட்டறேன்.

அல்சூர்க்காரன்: மெயில் வேண்டாம். ஒயர்ல போட்டுக் காட்டுங்க.