1901 சென்சஸில் பூட்டன் பெயரைத் தேட முடியுமா? வீட்டுப்பேர் கொண்டூரி, விளாத்திகுளம் பக்கம்

கரிசல்மண்:

வணக்கம். எங்களுக்கு விளாத்திகுளம் தாலுகாவில் ஒரு சின்னக் கிராமம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். வீட்டுப்பேர் கொண்டூரி. ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழிலோ இந்தப் பேர் கிடையாது, கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் வெளியே வரும். மற்றபடி எல்லாரையும் போல அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல்.

தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன் பெயர் வரைக்கும் வீட்டில் தெரியும். அவருடைய அப்பா யார், எந்த ஊரிலிருந்து இங்கே வந்தார் என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வது ஒரே கதைதான். வடக்கே ஒரு ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனசில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம், ஆற்றங்கரையில் மரம் வளைந்து வழிவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே இதைத் தெரிந்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

வெளிநாட்டுக்காரர்கள் சென்சஸ் தாளில் நூறு வருஷத்துக்கு முந்தைய குடும்பத்தை அப்படியே கண்டுபிடிக்கிறார்கள். நமக்கும் 1901, 1911, 1931 சென்சஸ் பெயர்ப்பட்டியல் எங்காவது கிடைக்குமா? ஒரு இணையதளம் பணம் கட்டினால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? வீட்டுப்பேரை வைத்து பூர்வீக ஊரைப் பிடிக்க வழி உண்டா?

பழைய பதிவறை:

தம்பி, பணம் கட்டாதீர்கள். அவர்கள் விற்பதாகச் சொல்லும் சரக்கே இந்தியாவில் இல்லை.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே 1871-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தது உண்மை. வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள் என்பதும் உண்மை. ஆனால் எண்ணிக் கூட்டி, சாதி, மொழி, தொழில் என்று அட்டவணை போட்டு முடித்ததும் அந்தத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. அச்சில் வந்தது எண்கள் மட்டும். 1931 அறிக்கையைப் புரட்டினால் திருநெல்வேலி ஜில்லாவில் தெலுங்கு பேசுவோர் எத்தனை பேர் என்று இருக்கும், உங்கள் பூட்டன் பெயர் இருக்காது. அப்புறம் 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது என்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டவும் வழியில்லை. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்துத் திறக்கிறார்கள், 1921 தாள்கள் 2022-இல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 வருஷக் கணக்கு, 1950 தாள்கள் அதே 2022-இல் வந்தன. அங்கெல்லாம் மூலத் தாளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், அதனால் திறக்க முடிந்தது.

சென்சஸால் உங்களுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. 1951, 1961 மாவட்டக் கையேடுகளில் கிராமப் பட்டியல் இருக்கும். உங்கள் ஊர் அப்போது எந்தத் தாலுகாவில், எந்த எழுத்துக்கூட்டலில் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதற்கு முன் நீங்கள் திருநெல்வேலி. சாத்தூர் பக்கம் 1910 வரை திருநெல்வேலி, பிறகு ராமநாதபுரம், 1985-க்குப் பிறகு இன்றைய விருதுநகர். இது தெரியாமல் போனால் தப்பான அலுவலகத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் ஊர் எட்டயபுரம் ஜமீன் கிராமமா, அரசே குடியானவரிடம் நேராக வரி வாங்கிய ரயத்துவாரி கிராமமா? அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

விஜயவாடா தமிழன்:

வீட்டுப்பேர் பற்றி நான் சொல்கிறேன். இங்கே வேலைக்கு வந்து ரொம்ப வருஷம் ஆகிறது.

தெலுங்கில் வீட்டுப்பேர்களில் பெரும்பங்கு ஊர்ப்பெயர்தான். 'ரு' என்று முடியும் ஊர் வீட்டுப்பேராகும்போது 'ரி' ஆகும். நந்தமூரு என்ற ஊர் நந்தமூரி ஆனது அப்படித்தான். ஆகவே உங்கள் கொண்டூரி, கொண்டூரு என்ற ஊரிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு. சிக்கல் என்னவென்றால் கொண்டூரு ஒன்றல்ல. நான் இருக்கும் என்.டி.ஆர். மாவட்டத்திலேயே ஏ.கொண்டூரு, ஜி.கொண்டூரு என்று இரண்டு மண்டலங்கள் (நம் தாலுகா மாதிரி) உண்டு, முன்பு இரண்டும் கிருஷ்ணா மாவட்டம். ஏன், நம் கடலூர் பக்கத்திலேயே ஒரு கொண்டூர் இருக்கிறது. மலையோரத்து ஊர் எதுவும் இந்தப் பேரை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒரே ஊரிலிருந்து கிளம்பிய வெவ்வேறு சாதிக்காரர்களும் அந்த ஊர்ப்பெயரையே வீட்டுப்பேராக வைத்திருப்பார்கள். இணையத்தில் கொண்டூரி என்று தேடி வருகிற எல்லாரையும் உறவு என்று கணக்குப் பண்ணிவிடாதீர்கள். மரம் வளைந்த கதையும் அப்படித்தான். கரிசல் பக்கம் தெலுங்கு பேசுகிற எத்தனையோ குடும்பங்கள் அதைச் சொல்கின்றன. அது எல்லாருக்கும் பொதுவான நினைவு, அதில் உங்கள் ஊர் தனியாகத் தெரியாது.

விஜயநகரப் படைகள் தெற்கே வந்தது 14-ஆம் நூற்றாண்டில், மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது 1529-இல். அதையொட்டிப் பல அலையாக மக்கள் வந்தார்கள். அதற்கும் உங்கள் பூட்டனுக்கும் நடுவே குறைந்தது பத்துப் பன்னிரண்டு தலைமுறை இருக்கிறது. நேரே கிருஷ்ணா கரைக்குத் தாவாமல் பூட்டனின் அப்பாவை முதலில் பிடியுங்கள்.

கரிசல்மண்:

நன்றி ஐயா, நன்றி அண்ணா. பணம் கட்டவில்லை. எங்கள் ஊர் எட்டயபுரம் ஜமீன்தான் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். தாத்தாவின் தகரப் பெட்டியில் ஜமீன் கச்சேரிக்குக் கிஸ்தி கட்டிய ரசீதுகள் சில இருந்தன, முக்கால்வாசி செல்லரித்துவிட்டது.

பழைய பதிவறை:

அந்த ரசீதுகளை முதலில் போட்டோ எடுங்கள். லேமினேட் போடவே கூடாது.

ஜமீன் ஊர் என்றால் அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஜமீன் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து, சர்வே முடிந்து, குடிகள் பெயரில் ரயத்துவாரி பட்டா வந்த பிறகுதான் உங்கள் ஆட்கள் அரசுப் பதிவேட்டில் முறையாக ஏறியிருப்பார்கள். அந்தச் செட்டில்மெண்ட் பதிவேட்டை எஸ்.எல்.ஆர். என்பார்கள். முதலில் கிராமத்து நிலக் கணக்கான இன்றைய அ-பதிவேட்டில் உங்கள் புஞ்சையின் சர்வே எண்ணை எடுங்கள். யுடிஆர் என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த காலத்தில், அதாவது 1980-களில், எண்ணோ உட்பிரிவோ மாறியிருந்தால் பழைய எண்ணும் அதிலேயே இருக்கும். அந்தப் பழைய எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் எஸ்.எல்.ஆர். நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். அதில் "குடும்ப வரலாறு வேண்டும்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிராமம், சர்வே எண், பதிவேட்டின் பெயர் மூன்றும் இருந்தால் போதும்.

சாத்தூர்க்காரி:

நாங்களும் கொண்டூரிதான்! சாத்தூர் தாலுகா. உங்கள் குலதெய்வம் எது என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள் தம்பி. அதுவும் ஒன்றாக இருந்தால் நாம் பங்காளி. எங்கள் பக்கம் ஒரே வீட்டுப்பேருக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டோம், அதனால் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதைப் பெண்கள்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆண்களிடம் கேட்டால் ராஜா கதை சொல்வார்கள். உங்கள் அத்தைகளிடமும் அப்பாவின் அத்தை யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். "எங்கேயிருந்து வந்தோம்" என்று கேட்க வேண்டாம். "மாசி சிவராத்திரிக்கு எந்த ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போவீர்கள், யார் வீட்டில் இறங்குவீர்கள்" என்று கேளுங்கள்.

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, பேருக்கு எதிரே கொடுத்த தொகை. எங்கள் கோயிலில் பழைய நோட்டு நீளவாக்கில், சிவப்புத் துணி அட்டை போட்டது. வெளியூர் போனவர்களின் பெயரை எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் போன ஊரை எழுதி வைப்பார்கள். மகன் தனித் தலைக்கட்டு ஆகும்போது அப்பா பேருக்குக் கீழேயே ஏறும். பேர் போட்ட சென்சஸ் நமக்கு அதுதான்.

ஆவண எழுத்தர்:

பத்திரப் பதிவை விட்டுவிட்டீர்களே. ஜமீன் ஊரானாலும் குடிகள் ஒத்தி வைத்ததும் கடன் வாங்கியதும் பாகம் பிரித்ததும் பதிவாகியிருக்கும். ஆன்லைனில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் வரும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுக்க வேண்டும். சொத்து வாரியாக ஒரு அட்டவணை, ஆள் பெயர் வாரியாக இன்னொரு அட்டவணை அங்கே உண்டு. உங்களுக்கு ஆள் அட்டவணைதான் வேண்டும். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். பழைய பத்திரங்களில் கோவில்பட்டி தாலுகா என்றோ ஒட்டப்பிடாரம் தாலுகா என்றோ இருக்கும்.

பழைய பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவரின் அப்பா பெயர், சாதி, தொழில், குடியிருக்கும் ஊர் எல்லாம் இல்லாமல் பதிய மாட்டார்கள். உங்களுக்கு வேண்டிய அத்தனையும் முதல் மூன்று வரியில் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். 1925 பத்திரத்தில் வருகிற பெயரும் 1975 பத்திரத்தில் வருகிற பெயரும் ஒன்றாகவே இருக்கும், ஆள் வேறு. அப்பா பெயரோடு சேர்த்துத்தான் ஆளை முடிவு செய்ய வேண்டும்.

கரிசல்மண்:

ஒரு பெரிய செய்தி. ஆள் அட்டவணையில் பூட்டன் பெயர் கிடைத்தது! ஒரு அடமானப் பத்திரம். நகல் வாங்கிவிட்டேன். பூட்டனின் அப்பா பெயர் தெளிவாக இருக்கிறது. அது என் பெரியப்பாவின் பெயரேதான். அப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது இன்னொரு தடவை வாசி என்றார்.

ஆனால் சொந்த ஊர் என்று போட்டிருப்பது எங்கள் ஊர் இல்லை. "சாத்தூர் தாலுகா ... கிராமத்திலிருந்து வந்து இப்போது மேற்படி கிராமத்தில் குடியிருக்கும்" என்று வருகிறது. சாத்தூர் அக்கா, அந்த ஊர்ப்பெயரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தேதிதான் புரியவில்லை. பிரஜோத்பத்தி வருஷம் ஆவணி மாதம், கொல்லம் 1107, பசலி 1341 என்று மூன்று கணக்கு இருக்கிறது. இது எந்த வருஷம்?

பழைய பதிவறை:

1931 ஆவணி. மூன்றும் ஒத்துப்போகிறது. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை முதல் தேதி பிறக்கும், டிசம்பர் வரை 590-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்கு மேல் 591. கொல்லம் என்கிற மலையாள ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் சகஜம். ஆவணியில் தொடங்குகிறது, வருஷக் கடைசி வரை 824, பிறகு 825. தமிழ் வருஷப் பெயரை மட்டும் தனியாக நம்பாதீர்கள், அறுபது வருஷத்தில் திரும்ப வரும். பிரஜோத்பத்தி 1871-லும் உண்டு, 1991-லும் உண்டு.

சாத்தூர்க்காரி:

தம்பி, அந்த ஊர் எங்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்தான். கோயில் பெரியவரிடம் பேசினேன். பழைய நோட்டில் உங்கள் பூட்டனின் அப்பா பெயரில் ஒரு தலைக்கட்டு இருக்கிறது, கீழே இரண்டு மகன்கள். ஒரு மகன் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயர். இன்னொரு மகன் வழி ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நோட்டை வெளியே கொடுக்க மாட்டார்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள்.

ஆவண எழுத்தர்:

அருமை. அந்த அடமானப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "முன் ஆவணம்" என்று ஏதாவது எண்ணும் வருஷமும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதையும் நகல் எடுக்கலாம். சாத்தூர்ப் பக்கச் சார்பதிவகத்தில் பூட்டனின் அப்பா பெயரில் 1931-க்கு முன்னால் தேடுதல் மனு போடுங்கள். ஊரை விட்டு வரும்போது அண்ணன் தம்பிக்குள் பாகம் எழுதியிருந்தால் அதில் அவருடைய அப்பா பெயரும் வரும்.

கரிசல்மண்:

முன் ஆவணம் 1908 என்று இருக்கிறது, எண்ணின் கடைசி இலக்கம் அழிந்துவிட்டது. எண் இல்லாமல் வருஷத்தையும் பெயரையும் மட்டும் வைத்து மனு போட்டால் எடுப்பார்களா?

ஆவண எழுத்தர்:

எடுப்பார்கள். பெயர், ஊர், வருஷம் இருந்தால் போதும், தேடுதல் கட்டணம் வருஷக் கணக்கில் வரும். ஆவணம் எழுதியது வருஷக் கடைசியில் என்றால் பதிவு அடுத்த வருஷப் புத்தகத்தில் ஏறியிருக்கலாம், அதனால் 1909-ஐயும் சேர்த்துப் போடுங்கள்.