எஃபெக்ட் சத்தம் வருது, பாட்டு மட்டும் வரல (டொஸ் கேம்கள், ஈஎஸ்எஸ் 1868 கார்ட்)

தேயிலை486 | தலவாக்கலை

எல்லாருக்கும் வணக்கம். மெஷின் பென்டியம் எம்எம்எக்ஸ் 166, ரேம் 32 எம்பி, டொஸ் 6.22. ஐசா ஸ்லொட்ல (பழைய வகை கார்ட் சொருகிற இடம்) ஈஎஸ்எஸ் 1868 சவுண்ட் கார்ட். கார்ட் எங்க இருக்குன்னு கேமுக்குச் சொல்ற பிளாஸ்டர் வரியில முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. சுடுற சத்தம், கதவு திறக்கிற சத்தமெல்லாம் சுத்தமா கேட்குது. பாட்டுதான் சிக்கல், அதுவும் கேமுக்குக் கேம் வேற மாதிரி.

டூம் செட்டப்ல மியூசிக்குக்கு ஜெனரல் மிடி, போர்ட் 330 கொடுத்தேன். எரர் ஒண்ணுமில்ல, ஆனா ஊமை. குவேக் சீடி போட்டா கேம் ஓடுது, பாட்டு இல்ல. 1989, 90 காலத்து அட்வென்சர் கேம் ரெண்டுல அட்லிப் (பழைய எஃப்எம் மியூசிக் கார்ட் வகை) எடுத்தா கார்டே இல்லன்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்ல கீச்சு கீச்சுன்னு கத்துது.

கார்ட் பாதி செத்துப்போச்சா? வேற கார்ட் தேடணுமா? மழை தொடங்கினதுல இருந்து இடது பக்கம் கரகரன்னு வேற வந்து வந்து போகுது.

—

ஊவாக்காரன் | பதுளை

கார்ட் நல்லாத்தான் இருக்கு தம்பி. எஃபெக்ட் சத்தமும் பாட்டும் ஒரே ஸ்பீக்கர்ல வந்தாலும் வர்ற வழி வேற. எஃபெக்ட் என்பது பதிவு செய்த சத்தம், டிஎம்ஏ (ரேம்ல இருந்து கார்டுக்கு நேரா போற வழி) வழியா வரும். பாட்டுக்கு மூணு வழி இருக்கு: கார்ட்ல உள்ள, வாத்திய ஒலியைத் தானே உண்டாக்குற எஃப்எம் சிப், வெளியே போற மிடி (ஸ்வரக் கட்டளை), சீடியில இருந்து நேரா வர்ற ஓடியோ. உங்க மூணு கேமும் மூணு வழியில மாட்டிக்கிட்டு நிக்குது.

முதல்ல டூம். 330 என்பது வெறும் வாசல்தான், வாத்தியம் இல்ல. கேம் எந்த ஸ்வரத்தை வாசிக்கணும்னு அந்த வாசல் வழியா அனுப்பும். ஜோய்ஸ்டிக் போர்ட்ல ஒரு சிந்தசைசர் தொங்கினாத்தான் அது சத்தமாகும். எதுவுமே இல்லாட்டியும் கேமுக்குத் தெரியாது, அதனாலதான் எரரும் இல்ல. செட்டப்ல மியூசிக் கார்டை சவுண்ட் பிளாஸ்டர்னு மாத்துங்க. பாட்டு வந்தா எஃப்எம் பகுதி நல்லா இருக்குன்னும் சேர்த்துத் தெரிஞ்சுரும். வராட்டி ஈஎஸ்எஸ்ஸோட மிக்சர்ல (ஒலி அளவு கூட்டிக் குறைக்கிற புரோகிராம்) எஃப்எம் அளவு பூச்சியத்துல கிடக்கலாம், ஏத்திப் பாருங்க.

இந்த 1868 சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ வரைக்கும்தான் நடிக்கும், 16ஆக நடிக்காது. பிளாஸ்டர் வரியில வகை எண் 4 போடணும், 6 போடக்கூடாது. செட்டப்லயும் 16ஐத் தொடாதீங்க, தொட்டா இப்ப வர்ற எஃபெக்ட்டும் போயிரும்.

அட்லிப் கேம்ல குற்றவாளி உங்க பென்டியத்தோட வேகம். கார்ட் இருக்கான்னு பார்க்க கேம் 388 போர்ட் வழியா எஃப்எம் சிப்போட டைமரை ஓடவிட்டு, 80 மைக்ரோ செக்கன் பொறுத்து, டைமர் முடிஞ்சுதான்னு கேட்கும். அந்தப் பொறுக்கிற நேரத்தைச் சும்மா சுத்துற ஒரு லூப்பால அளந்திருந்தா, 8 மெகாஹேர்ட்ஸ் மெஷின்ல கணக்குச் சரி. 166ல லூப் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுரும், டைமர் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும், கேம் "கார்ட் இல்ல"ன்னு போயிரும். அதே வருஷத்துல வந்த வேற கேம் ஒழுங்கா வேலை செய்யும், ஏன்னா அது லூப்புக்குப் பதிலா அந்தப் போர்ட்டையே திரும்பத் திரும்ப வாசிச்சு நேரம் கடத்தும். ஐசா பஸ் எந்த மெஷின்லயும் ஏறக்குறைய ஒரே வேகம்.

பயோஸ்ல இன்டர்னல் கேஷை (சிபியூவுக்குள்ள இருக்கிற வேக நினைவகம்) மூடிட்டுப் பாருங்க. 166 சுருங்கி 386 மாதிரி நடக்கும்.

சீடிக்கு ஒரு சின்னச் சோதனை. ட்ரைவ் முன்பக்கத்து ஹெட்போன் ஓட்டையில ஹெட்போனைச் சொருகி, குவேக் கொன்சோலை (கட்டளை அடிக்கிற திரை) திறந்து சீடி பிளே 2ன்னு அடிங்க. 1ஆவது ட்ராக் டேட்டா, பாட்டு 2ல தொடங்குது. ஹெட்போன்ல கேட்டா, ட்ரைவ் பின்னால இருந்து கார்டுக்கு வரவேண்டிய நாலு பின் ஓடியோ கேபிள் இல்ல, அல்லது மிக்சர்ல சீடி அளவு குறைவு. ஹெட்போன்லயும் ஊமைன்னா டிஸ்க்கைப் பாருங்க. ஐஎஸ்ஓவா எடுத்த கொப்பியில டேட்டா மட்டும்தான் இருக்கும், பாட்டு ட்ராக் ஒண்ணும் வராது. .bin, .cue ஃபைல் ரெண்டும் உள்ள கொப்பிதான் வேணும்.

—

தேயிலை486 | தலவாக்கலை

அண்ணே, டூம்ல பாட்டு வந்துருச்சு! சீடி ஹெட்போன்ல கேட்குது, பின்னால பார்த்தா கேபிளே இல்ல. கேஷை மூடினதும் ரெண்டு அட்வென்சர் கேமும் அட்லிப்பைக் கண்டுபிடிச்சுது. ஆனா ஒண்ணு இப்ப நத்தை மாதிரி நகருது. எம்டி-32ல (ரோலண்டோட பழைய வெளி மிடி பெட்டி) கேட்டாத்தான் அந்தக் கேமோட பாட்டு அழகுன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன செய்யணும்?

—

ஊவாக்காரன் | பதுளை

நத்தைக்கு மருந்து செட்மல்னு ஒரு சின்ன புரோகிராம். பேட்ச் (.bat) ஃபைல்ல முதல்ல எல்1டி கொடுத்து கேஷை மூடணும், பிறகு கேம், கடைசியில எல்1ஈ கொடுத்துத் திறக்கணும். விளையாட்டு நடுவில வேகம் வேணும்னா வழியில்ல. ஆனா சில கேம்ல சவுண்ட் ட்ரைவரைத் தேடுற வேலையைச் செட்டப் புரோகிராமே முடிச்சு எழுதி வச்சுரும், அப்படின்னா செட்டப்புக்கு மட்டும் மூடினாப் போதும்.

கேபிள் வாங்கும்போது பின் வரிசையைப் பாருங்க. ட்ரைவ்ல நடு ரெண்டும் கிரவுண்ட், ஓரம் ரெண்டும் இடது வலது. பழைய சில கார்ட்ல வரிசை வேற. ஒரு பக்கம் மட்டும் கேட்டா கேபிள் பழுதுன்னு தூக்கி எறியாம, ப்ளக்ல உள்ள வயரை ஊசியால நெம்பி எடுத்து இடம் மாத்துங்க.

—

மிடிமலை | பண்டாரவளை

எம்டி-32 பற்றி. ரோலண்ட் அதை 1987ல விட்டாங்க, ஜெனரல் மிடி ஒழுங்கு வந்தது 1991ல. ரெண்டுலயும் வாத்திய எண்கள் வேற. எம்டி-32 வழக்கமா 2 முதல் 9 வரை உள்ள சேனலையும் தாளத்துக்கு 10ஐயும்தான் கேட்கும், அதனால டூமை அதுல விட்டா 1ஆவது சேனல் காணாமலே போகும், மிச்சம் வாத்தியம் மாறி ஒலிக்கும். உங்க அட்வென்சர் கேமுக்கு எம்டி-32, டூமுக்கு ஜெனரல் மிடி. மாத்தி வைக்காதீங்க.

உண்மையான பெட்டி கிடைக்காட்டி ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) 3 அல்லது அதுக்கு மேல, அதுல எம்டி-32 மாதிரி நடிக்கிற எம்டி32-பை மென்பொருள். ரெண்டு ஒழுங்கையும் அதுவே செய்யும். எம்டி-32க்கு ரோம் ஃபைல் தனியா வேணும். பையோட சொந்த ஹெட்போன் ஓட்டையில இரைச்சல் அதிகம், டக் (DAC, டிஜிட்டலை ஒலியாக்குற) பலகை ஒண்ணு மேல மாட்டுங்க.

ஜோய்ஸ்டிக் போர்ட்ல இருந்து மிடி கேபிள் கையாலயே செய்யலாம். 15 பின் ப்ளக்ல 9ஆவது பின் 5 வோல்ட், அதை 220 ஓம் வழியா மிடி ப்ளக்கோட 4ஆவது பின்னுக்கு. 12ஆவது பின் மிடி வெளியீடு, அதை இன்னொரு 220 ஓம் வழியா 5ஆவது பின்னுக்கு. போர்ட்டோட 4ஆவது பின் கிரவுண்ட், அதை மிடி ப்ளக்ல 2ஆவது பின்னுக்கு. மிடி ப்ளக்ல பின் எண் ஓடுறது 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில. நேரா 1, 2, 3னு எண்ணிப் பத்த வச்சவங்கதான் அதிகம். 4ஐயும் 5ஐயும் மாத்திப் போட்டா வழக்கமா எதுவும் எரியாது, சும்மா ஊமையா இருக்கும்.

ராஸ்பெரி பையோட ஜிபிஐஓ பின்னுக்கு (வெளிக் கருவி மாட்டுற பின்) இந்த 5 வோல்ட்டை நேரா கொடுக்கவே கூடாது. அது 3.3 வோல்ட் தான் தாங்கும். நடுவில ஒப்டோகப்ளர் (மின் இணைப்பில்லாம ஒளியால சிக்னலைக் கடத்துறது) உள்ள மிடி உள்ளீட்டுப் பலகை வேணும். மலிவான யூஎஸ்பி மிடி கேபிள் வேண்டாம், எம்டி-32க்குக் கேம் அனுப்புற நீளமான சிஸ்எக்ஸ் (அந்தக் கருவிக்கே உரிய கட்டளை) செய்திகளை அதுல பல வகை கடிச்சுத் துப்பும், வாத்தியம் தப்பா விழும்.

இன்னொரு பொறி. அந்தக் காலத்துக் கேம் பலதும் எம்பியூ-401ஐ (330ல இருக்கிற மிடி வாசல்) 'இன்டெலிஜென்ட்' முறையில எதிர்பார்க்கும், உங்க கார்டுக்கு வந்ததை அப்படியே கடத்துற யுவார்ட் முறை மட்டும்தான் தெரியும். சொஃப்ட்எம்பியூ புரோகிராம் அந்தக் குறையை நிரப்பும், ஆனா டொஸ்ஸோட நினைவக ட்ரைவர் ஈஎம்எம்386 ஏறியிருக்கணும். டூமுக்கு இது தேவையில்ல.

—

பனிமூட்டம் | நுவரெலியா

கரகரப்பை யாரும் தொடல. இந்தக் குளிர் ஈரத்துல ஐசா விளிம்பும் ஜாக்கும் கறுத்துப் போறது சகஜம். கார்டைக் கழற்றி, விளிம்பு பித்தளை நிறத்துக்கு வர்ற வரைக்கும் வெள்ளை ரப்பரால மெதுவா தேயுங்க, ரப்பர் தூளைத் துடைச்சுட்டு ஐசோப்ரோப்பைல் அல்கஹோல். மணல் தாள் வேண்டாம், தங்க முலாம் போயிரும். ஜாக்குக்கு ப்ளக்லயே அல்கஹோல் தடவி இருபது தரம் சொருகி எடுத்தாப் போதும். அதுக்கப்புறமும் இடது பக்கம் மட்டும் பேஸ் இல்லாம தகர டப்பா மாதிரி கேட்டா, ஜாக் பக்கத்து மின்தேக்கி காஞ்சிருக்கும். மேல எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், கழித்தல் கோடு அதே பக்கம்.

மிடி கேபிளோ ஸ்பீக்கரோ மாட்டும்போது ரெண்டு பக்கமும் கரண்டை நிறுத்துங்க. லயக் காம்பராவில (தோட்டத்து வரிசை வீடு) எர்த் இல்லாத ப்ளக் பேஸா இருந்தா கேஸிங்கைத் தொட்டாலே சுரீர்னு இருக்கும். பவர் சப்ளையோட ஃபில்டர் மின்தேக்கிகள் கேஸிங்கை 230ல பாதிக்கு இழுத்து வச்சிருக்கும், அது முதல்ல ஓடப்போறது உங்க ஓடியோ ஜாக் வழியாத்தான். 50 ஹேர்ட்ஸ் ஹம்முன்னு இரைஞ்சாலும் முதல்ல எர்த்தைப் பாருங்க, கார்டைத் திட்டாதீங்க.

நுவரெலியாவோட உயரம் 1868 மீட்டர். கார்டோட நம்பரும் அதே. நீங்க இன்னும் கொஞ்சம் மேல ஏறி வரணும் போல.

—

தேயிலை486 | தலவாக்கலை

ரப்பர் போட்டுத் தேய்ச்சேன், விளிம்புல இருந்து பச்சையா வந்துச்சு. கரகரப்பு நின்னுருச்சு. சீடி கேபிள் வாங்கினதுல ஒரு பக்கம்தான் கேட்டுச்சு, ஊசியால வயரை மாத்தினதும் ரெண்டு பக்கமும் வருது. ஒப்டோகப்ளர் பலகை வந்ததும் மிச்சத்தை இங்கயே கேட்கிறேன்.