மழைக்கு முன்னால் ஒரு சட்டச் சந்தேகம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம், ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. ஐப்பசி மழைக்கு முன்னால் வாசகசாலைச் சுவரில் ஒரு பக்க அறிவிப்பு ஒட்டப் போகிறோம். வெள்ளம் வடிந்தபின் ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யாரிடம் சொல்வது, அவர்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதுதான் விஷயம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது உறைகிணறு மூழ்கிவிட்டது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. டவர் வந்ததும் முதலில் வந்தது வதந்திதான்.

1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. குடிநீர், தொற்றுநோய் இரண்டும் அதில் வருகின்றன. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் 54-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். (இதைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் ஒரே அமைதி!)

சரி, கேட்க வந்தது இதுதான். நெல்லை மாவட்டத் திட்டத்தின் சுகாதாரப் பகுதி யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டும்? 1939 சட்டப்படி, கிராமத்தில் நோய்த் தகவல் கொடுக்கும் கடமை யாருக்கெல்லாம் உண்டு? வக்கீல்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது. அப்புறம், நோயாளி பெயர் வெளியே வராமல் தெருக் கணக்கை மட்டும் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுக்க மாதிரிப் படிவம் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுத்துவிடுவோம்.